இடமறிவிக்கும் வானொலி நிலையம்

நிறைநிலாக் காலத்திலே கல்லடிப் பாலத்தின் அருகிற் பாடும் மீனின் இசையைக் கேட்கச் செல்வோர் கைக்கொள்ளும் முறை ஒன்றுண்டு. தோணியை அசைவற நிறுத்துவர். துடுப்பின் ஒரு தலையை நீரினுள் ஆழ்த்தி, மறுதலையைச் செவியோடு பொருத்துவர். பேச்சை அறவே ஒழிப்பர். அவ்வாறு செய்தார்க்கே அவ்வொலி இனிது புலனாகும். இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமேர்சன் தெனன்ற் என்பார் 1848ஆம் ஆண்டில் இவ்வாவியில் அவ்விசையைக் கேட்டு, அதனைத் தம் நூலில் எழுதிவைத்தார். துடுப்பு ஒலியைப் படைப்பதுமில்லை, பெருக்குவதுமில்லை. நீரில் ஏலவே உள்ள ஒலியைச் செவிக்குக் கொணர்ந்து தருதலே அது செய்யும் பணி. நாம் இங்கே கூறப்புகுவது வானொலியைப் பற்றியதாயினும், இத் துடுப்பினை வாசகர் நினைவில் இருத்துதல் நன்று.

தமிழ் கற்பிப்போர்க்கு வானொலிக் கருவியோடு யாது தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். காரைதீவில் 1892இற் பிறந்த விபுலானந்த அடிகளார் விஞ்ஞானத்தில் இலண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்; 1947இல் வெளிவந்த அவரது யாழ்நூல் நரம்பொலிகளின் இயைபினை எண்களின் விகிதத்தால் ஆராய்ந்த நூல். தமிழும் கணிதமும் ஒருவரிடத்தே கூடிநிற்கலாம் என்பதற்கு இந்நாட்டிலேயே அத்தகைய சான்று இருக்க, நாம் வேறு விடை கூறவேண்டுவதில்லை.

1. பொருளும் தோற்றமும்

அலைபரப்பும் உரிமம் பெற்று, ஊதியம் கருதாது, ஆர்வத்தின் பொருட்டு வானொலித் தொடர்பில் ஈடுபடுவோர் அமெச்சூர் வானொலியாளர் எனப்படுவர். இந்நாட்டின் வானொலியே அத்தகையோரின் ஆர்வத்தோடு தொடங்கியதெனல் பொருந்தும். தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர் 1923இற் கொழும்பிலே சோதனை ஒலிபரப்பை நடத்தினார். 1925 டிசெம்பரில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கப்பெற்றது.

இவ்வானொலியாளர் கையாளும் பல துறைகளுள் ஒன்று, ஓர் ஊர்தியோ தோணியோ தான் நிற்கும் இடத்தைத் தானே அலைவழி அறிவித்துக்கொண்டிருக்கும் முறை. இதனை ஏ.பி.ஆர்.எஸ். என்பர். அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியிற் பணியாற்றிய பொப் புறூனிங்கா என்னும் பொறியியலாளர் இதனை வகுத்தவர். அவர் 1982இற் கடற்படைக் கலங்களின் இட அறிக்கைகளை ஒரு சிறு கணினியின் படத்திற் குறிக்கத் தொடங்கினார். 1984இல் நூறு மைல் தூரக் குதிரையோட்டம் ஒன்றிற் குதிரைகள் எவ்விடத்தில், எந்நிலையில் உள்ளன என்பதை அறிவிக்க அதே முறையைத் திருத்திப் பயன்படுத்தினார். 1992இல் அது உலகுக்கு அறிமுகமாயிற்று. அவர் 2022இல் மறைந்தார், முறை வாழ்கின்றது.

முதலில் ‘தானியங்கி இட அறிவிப்பு’ என்றிருந்த பெயர் பின்னர் ‘தானியங்கிப் பொதி அறிவிப்பு’ என மாற்றப்பெற்றது. காரணம் யாதெனின், இடம் மட்டுமன்றிக் காற்றின் வேகம், மழையளவு, குறுஞ்செய்தி ஆகியனவும் இதன்வழிச் செல்லும். ஓர் ஊரில் இப்பொழுது யாது நிகழ்கின்றது என்பதை அவ்வூரார் அனைவரும் ஒருங்கே அறிதல் வேண்டும் என்பதே அவர் கருத்து.

2. இயங்கும் விதம்

முதலில் தோணி தன் இடத்தை அறிதல் வேண்டும். பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுழலும் ஜி.பி.எஸ். செய்மதிகள் தத்தம் கடிகார நேரத்தை இடையறாது அறிவிக்கின்றன. நான்கு செய்மதிகளின் அலைகள் வந்துசேரும் கால வேறுபாட்டிலிருந்து சிறிய வாங்கி ஒன்று தன் இடத்தைக் கணித்துக்கொள்கின்றது. பொதுமக்களுக்குக் கிடைக்கும் அளவீட்டை வேண்டுமென்றே மங்கச்செய்த ஏற்பாட்டினை அமெரிக்க அரசு 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கியது. அன்றுமுதல் இக்கருவி எளியோர்க்கும் நுண்ணியதாயிற்று.

அவ்விடம் அகலக்கோடு, நெடுங்கோடு என்னும் எண்களாக எழுதப்படும். மட்டக்களப்பு நகர் வட அகலக்கோடு 7 பாகை 43 கலையை ஒட்டியும், கீழ் நெடுங்கோடு 81 பாகை 42 கலையை ஒட்டியும் உள்ளது. அகலக்கோட்டில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீற்றர். இம்முறையிற் கலையின் நூறிலொரு பங்கு வரை எழுதுவர்; அது 18½ மீற்றர். வாவியில் ஒரு தோணியைத் தேடிச் செல்வோர்க்கு இந்நுண்மை போதியது.

அடுத்து, அவ்வெண்களோடு நிலையத்தின் அழைப்புக் குறியும் சேர்ந்து ஒரு பொதியாகும். இலங்கையாளர் அழைப்புக் குறிகள் ‘4 எஸ்’ என்று தொடங்குவன. பொதியிலுள்ள ஒவ்வோர் எழுத்தும் இருவகைத் தொனிகளின் மாற்றமாக மாறும்: ஒன்று செக்கனுக்கு 1,200 அதிர்வுடையது, மற்றையது 2,200 அதிர்வுடையது. யாழிற் பிறந்த பண்ணை இரு நரம்பிலே சுருக்கியதுபோல, அனைத்துச் செய்தியும் இவ்விரு தொனியில் அடங்கும். பொதி முழுதும் செல்ல ஏறத்தாழ ஒரு செக்கன் ஆகும். அலையின் மீடிறன் நாட்டுக்கு நாடு வேறுபடும். வட அமெரிக்காவில் 144.390 மெகா ஹேர்ட்ஸ், ஐரோப்பாவில் 144.800 மெகா ஹேர்ட்ஸ். அலைநீளம் ஏறத்தாழ இரண்டு மீற்றர்.

இறுதியாக, அப்பொதியை ஒரு நிலையம் கேட்டல் வேண்டும். கேட்ட நிலையம் படத்திற் புள்ளியிடும். அல்லது மேலும் தொலைவிலுள்ளார் கேட்குமாறு திருப்பிச் செலுத்தும். அல்லது இணையத்தினுட் செலுத்தும். திருப்பிச் செலுத்துவதை அஞ்சல் நிலையம் என்றும், இணையத்திற் சேர்ப்பதை வாயில் நிலையம் என்றும் வழங்கலாம்.

3. அமைக்கும் முறை

உரிமமே முதற்படி. இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அமெச்சூர் வானொலித் தேர்விற் சித்தியெய்தி, அழைப்புக் குறி பெற்ற பின்னரே ஒருவர் அலை செலுத்துதல் தகும். கருவியை வைத்திருப்பதற்கும் அனுமதி வேண்டும். மாணவர் உரிமம் பெற்றார் ஒருவரின் மேற்பார்வையிலேயே பயிலுதல் முறை.

நிலையத்திற்கு வேண்டியன நான்கு: இரண்டு மீற்றர் அலைக்குரிய வானொலிக் கருவி, தொனியை எழுத்தாக மாற்றும் சிறு கணினி, ஏரியல், மின்சாரம். முற்காலத்திற் பொதிமாற்றத்திற்குத் தனிப்பெட்டி வேண்டியிருந்தது. இன்று ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கையளவுக் கணினியும் ஓர் ஒலி அட்டையும், ‘டயர்வூல்ஃப்’ என்னும் இலவச மென்பொருளும் அப்பணியைச் செய்கின்றன. மின்வெட்டுக் காலத்திற்கு 12 வோல்ட் பற்றரியும் சூரிய மின்தகடும் துணையாகும்.

ஏரியலைக் கையாலே செய்துகொள்ளலாம். அலைநீளத்தின் காற்பங்கு கொண்ட நிமிர்ந்த கம்பி ஒன்றும், அதன் அடியிற் சாய்ந்து இறங்கும் அவ்வளவேயான நான்கு கம்பிகளும் போதும். கணக்கின்படி காற்பங்கு 52 சதமமீற்றர் ஆகும். கம்பியின் பருமன் காரணமாக 49 அல்லது 50 சதமமீற்றரிற் பொருத்தம் அமையும். முதலிற் சிறிது நீளமாக வெட்டி, அளவுகருவி பார்த்துச் சிறிது சிறிதாகக் குறைத்தல் வேண்டும். குறைத்த கம்பியை நீட்டுதல் அரிது.

4. திருத்தும் முறை

நிலையம் அமைத்தார் பெரும்பாலும் முதலில் விரும்புவது மிகுந்த வலு. ஐந்து உவாற்றுக் கருவியை ஐம்பது உவாற்றாக்கினால் எல்லாம் சரியாகும் என்பது அவர் எண்ணம். நாமும் அவ்வாறே எண்ணினோம். அனுபவமும் கணக்கும் கற்பித்தது வேறு: முதலிற் கேள்வியைத் திருத்துக, அதன்பின் பேச்சைக் குறைக்க, வலுவை இறுதியில் எண்ணுக.

(அ) உயரம். இவ்வலை ஏறத்தாழ நேர்கோட்டிற் செல்வதாதலின், பூமியின் வளைவு அதற்கு எல்லையாகின்றது. ஏரியலின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆற் பெருக்கினால் எல்லைத் தூரம் கிலோமீற்றரிற் கிடைக்கும். தோணியில் ஒரு மீற்றர் உயரத்திலுள்ள ஏரியலுக்கு எல்லை 4 கிலோமீற்றர். கரையில் 4 மீற்றர் உயரத்திலுள்ள ஏரியலுக்கு 8 கிலோமீற்றர். இரண்டும் சேர்ந்து 12. கரை ஏரியலை 16 மீற்றருக்கு உயர்த்தினால் அதன் எல்லை 16½ ஆகி, இரண்டும் சேர்ந்து 20½ ஆகும். எல்லைக்கு அப்பால் வலுவைப் பத்து மடங்காக்கினாலும் பயன் சிறிதே. பாலமீன்மடுவில் 1913இல் எழுப்பிய வெளிச்சவீடு 28 மீற்றர் உயரமுடையது. ஒளியைத் தொலைவிற் காட்ட விரும்பியோர் உயரத்தையே நாடினர். வானொலிக்கும் நியாயம் அதுவே. தென்னஞ்சோலைகளின் ஈர ஓலையும் அலையை உண்ணுமாதலின், ஏரியல் மரத்தலைக்கு மேலே நிற்றல் நலம்.

(ஆ) வடம். ஏரியலிலிருந்து கருவிக்கு வரும் வடம் அலையைச் சிறிது சிறிதாக விழுங்கும். ஆர்.ஜி. 58 என்னும் மெல்லிய வடம் இம்மீடிறனில் 15 மீற்றர் நீளத்திற் பாதி வலுவை விழுங்கிவிடும். ஆர்.ஜி. 213 என்னும் தடித்த வடத்தில் அவ்விழப்புப் பாதியினுங் குறைவு. உயரத்தால் ஈட்டியதை வடத்தால் இழத்தல் ஓட்டைக் குடத்தில் நீர் மொள்ளுதலை ஒக்கும்.

(இ) உப்பு. வாவிக்கரையில் இதுவே பெரும்பகை. எமக்கு நேர்ந்ததைக் கூறுதல் பிறர்க்குப் பயன்படும். உரிமம் பெற்ற நண்பர் ஒருவரின் நிலையத்தில் நாம் உதவியாளராய்ப் பயின்றோம். மாரி தொடங்குமுன் சோதனையாக ஒரு தோணியில் இடமறிவிக்கும் கருவியை வைத்து, படுவான்கரைப் பக்கம் செல்லுமாறு இருவரை அனுப்பினோம். புறப்பட்டு அரைமணி வரையிற் புள்ளிகள் ஒழுங்காக வந்தன, பின்னர் நின்றுவிட்டன. தோணிக் கருவி பழுதென்று நாம் துணிந்தோம். மூன்று மணி நேரத்தின்பின் தோணி நலமே திரும்பிற்று. கருவி ஒருமுறையேனும் தவறாது அறிவித்திருந்தமை அதன் பதிவிலே தெரிந்தது. பழுது எமது கூரைமேல் இருந்தது. ஏரியலின் அடியிலுள்ள இணைப்பினுட் கடற்காற்றுக் கொணர்ந்த உப்பீரம் புகுந்து செம்பு பச்சை பூத்திருந்தது. அண்மையிலிருந்து வந்த வன்மையான அலையை அது விட்டது. தொலைவிலிருந்து வந்த மெல்லலையைத் தடுத்தது. சோதனையாதலின் நகைத்து அமைந்தோம். உண்மையான இடராயின் அத்தோணியார் அழைத்தவண்ணம் இருந்திருப்பர். நாம் கேளாச் செவியராய் அமர்ந்திருப்போம்.

அன்றுமுதல் இணைப்புகளை நன்கு பற்றாசிட்டு, தானே ஒட்டிக்கொள்ளும் இரப்பர் நாடாவாற் சுற்றி, அதன்மேற் சாதாரண நாடாவும் சுற்றுகின்றோம். வடம் கூரையினுட் புகுமிடத்தில் நீர் சொட்டும்படி ஒரு தாழ்ந்த வளைவு விடுகின்றோம். மாரிக்கு முன்னும் பின்னும் இணைப்பைத் திறந்து பார்க்கின்றோம்.

(ஈ) ஒலியளவு. வானொலியிலிருந்து கணினிக்குச் செல்லும் ஒலி மிகுந்தால் தொனியின் உச்சி வெட்டுண்டு எழுத்துக் குழம்பும். குறைந்தால் இரைச்சலில் மூழ்கும். செலுத்தும்போதும் அவ்வாறே. உரத்துக் கத்துவோன் பேச்சு விளங்காததுபோல, மிகுந்த ஒலியளவோடு செலுத்திய பொதியைப் பிறர் கருவி படிக்கமாட்டாது. வானொலியின் இரைச்சலடக்கியை முற்றாகத் திறந்துவிட்டுக் கேட்டலும் வேண்டும். அன்றேல் அது திறக்குமுன் பொதியின் தலைப்பகுதி கழிந்துவிடும்.

(உ) அடக்கம். ஒரே மீடிறனைப் பலரும் பகிர்தலின் இருவர் ஒருங்கே பேசின் இருவரும் கெடுவர். ஹவாய்ப் பல்கலைக்கழகத்து நோமன் ஏப்பிராம்சன் தம் தீவுகளை வானொலிவழி இணைத்த ‘அலோகா’ முறையைப் பற்றி 1970இல் இக்கணக்கை வெளியிட்டார். எமது வாவிக்கு அதனைப் பொருத்திப் பார்ப்போம். முப்பது தோணிகள் பத்துச் செக்கனுக்கு ஒருமுறை அறிவிப்பதாகக் கொள்க. நிமிடத்திற்கு 180 பொதிகள். ஒவ்வொன்றும் ஒரு செக்கன். மோதாது தப்புவது நானூற்றில் ஒன்றே. ஆகவே இரண்டு நிமிடத்திற்கு ஒரு பொதியேனும் தேறாது. அதே தோணிகள் மூன்று நிமிடத்திற்கு ஒருமுறை அறிவித்தால் நிமிடத்திற்குப் பத்துப் பொதிகள். அவற்றில் ஏழு தப்பும். பதினெட்டு மடங்கு குறைத்துப் பேசியதாற் பதினான்கு மடங்குக்கு மேல் மிகுதியாகக் கேட்கப்பட்டது! வன்மையான அலை மெல்லலையை மேவுதலும், அலையைக் கேட்டுப் பொறுத்துப் பேசும் கருவிகளும் இக்கணக்கைச் சிறிது மாற்றும். ஆயினும் தாழ்ந்து நிற்கும் தோணிகள் ஒன்றையொன்று கேளாவாதலின் நியாயம் மாறாது.

மணிக்கு ஐந்து கிலோமீற்றர் செல்லும் தோணி மூன்று நிமிடத்தில் 250 மீற்றரே செல்லும். அதனிடையே அறிவிப்பதற்குப் புதிதாக யாதுளது? அவ்வாறே ஒவ்வொரு பொதியையும் பல நிலையங்கள் வழியாக அஞ்சல் செய்யுமாறு கேட்டலும் பிழை. ஒவ்வோர் அஞ்சலும் பொதுவழியில் ஒரு செக்கனை எடுத்துக்கொள்ளும். வேண்டிய தூரத்திற்கு வேண்டியவளவே கேட்டல் பண்பு.

5. எமது வாவியில் இதன் இடம்

ஆழ்கடலிற் பல நாள் தங்கும் கலங்களுக்குச் செய்மதிவழிக் கண்காணிப்பு ஏற்பட்டுள்ளது. வாவித் தோணிக்கும், காலையிற் சென்று மாலையில் மீளும் சிறு வள்ளத்துக்கும் அஃதில்லை. கைத்தொலைபேசி உண்டெனலாம். அது அலைக்கோபுரம் நிற்கும்வரை உதவும். 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவில் இம்மாவட்டத்தைத் தாக்கிய சூறாவளியைக் கண்ட மூத்தோர், மறுநாள் வெளியுலகத்தோடு ஒரு சொல்லும் பேசவியலாதிருந்த நிலையை இன்றும் கூறுவர். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை கல்லடியையும் நாவலடியையும் அழித்தபோதும் ‘எங்கிருக்கின்றாய்?’ என்னும் வினாவே ஒவ்வொரு வீட்டிலும் எழுந்தது. அக்காலை இலங்கை அமெச்சூர் வானொலியாளர் ஹம்பாந்தோட்டையிற் சிற்றலைக் கருவியை நிறுவிக் கொழும்போடு தொடர்பு ஏற்படுத்தினர். அந்தமான் தீவில், வானொலிப் பயணமாகச் சென்றிருந்த பாரதி பிரசாத் என்னும் இந்திய அம்மையார் போட் பிளேயரிலிருந்து தீவினரின் செய்திகளை வெளியுலகுக்குச் சேர்த்தார். அவர்கள் அன்று புதிதாகக் கற்றதில்லை. பொழுதுபோக்காக முன்னரே பயின்றிருந்தனர். அதனாற் பயன்பட்டனர்.

எமது வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. மேற்கூறிய கணக்கின்படி 16 மீற்றர் உயர நிலையம் ஒன்று இருபது கிலோமீற்றரே கேட்கும். ஆதலின் வடக்கே கல்லடிப் பக்கம் ஒன்று, நடுவே கொக்கட்டிச்சோலை அல்லது களுவாஞ்சிக்குடி அளவில் ஒன்று, தெற்கே கல்லாற்றுப் பக்கம் ஒன்று என மூன்று நிலையங்கள் அமையின், எழுவான்கரையும் படுவான்கரையும் பெரும்பாலும் ஒரே கேள்வி எல்லைக்குள் வரும். இஃது இன்று இருப்பதன்று. ஆனால் அரிய காரியமுமன்று. இணையம் அற்றபோதும் மூன்றும் தமக்குள் அஞ்சல் செய்துகொள்ளும்.

உயிர் காக்கும் கருவி இதுவெனக் கூறிக் கடற்றொழிலாளரை நம்பச்செய்தல் தகாது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். பொதி சென்றதா என்பதைத் தோணியிலுள்ளார் பெரும்பாலும் அறியார். மிதப்பு அங்கியும் வானிலை அறிவித்தலும் முதலிடம் பெறுவன; இது அவற்றுக்குத் துணை.

6. முடிவுரை

திருவள்ளுவர் கல்விக்கும் அறிவுடைமைக்கும் இடையே ‘கேள்வி’ என்று ஓர் அதிகாரம் வைத்தார். ‘கல்லாமை’யை அடுத்து அது நிற்றலையும் காண்க; கல்லாதவனும் கேட்டுத் தெளியலாம் என்பது அவ்வைப்பின் கருத்தாகும். இப்பொழுதுபோக்கிற் பயிலும் மாணவர்க்கும் அதுவே முறை. உரிமத் தேர்வுக்குப் படிக்கும் காலத்தில் ஏரியல் செய்க; இணைப்பை மூடிக் காக்க; எவ்வெத் தூரத்திலிருந்து பொதி வந்தது என்று நாட்குறிப்பு எழுதுக. 145.825 மெகா ஹேர்ட்ஸிற் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் பொதிநிலையம் இயங்கும் வேளைகளில், அது எமது வானத்தைக் கடக்கும் சில நிமிடங்களுட் கேட்டுப் பார்த்தல் நல்ல பயிற்சி. புதிய வலுக்கருவிக்குப் பொருள் தேடுமுன், இருக்கும் செவி எவ்வளவு கேட்கின்றது என அளந்தறிக.

பழைய மாணவருட் பொறியியலாளரும் தொலைத்தொடர்பில் வல்லாரும் பலர் உளர். அவர்களுள் ஒருவர் உரிமம் பெற்று வழிகாட்டின், எமது கல்லூரிக் கூரையின்மேல் ஓர் ஏரியல் நிற்றலும், விஞ்ஞான அறையில் ஒரு கருவி மாரிக்காலம் முழுதும் கேட்டுக்கொண்டிருத்தலும் கைகூடும். அந்நிலையம் நாள்தோறும் பேசவேண்டுவதில்லை. வாவியில் ஒருவன் தன் இடத்தைக் கூறும் நேரத்திற் செவி திறந்திருந்தாற் போதும். இவ்விழாக்காலத்தில் கல்லூரி அன்பர் இதனைச் சிந்திப்பாராக.